மணியனுக்கு ஒரு கௌரவ அறை

நகைச்சுவை நடிகர் மணியனை லண்டனிலிருந்து ஹூஸ்டனுக்கு வரவழைப்பது என்று தென்டெக்சாஸ் தமிழ்ப் பேரவையின் செயற்குழு 1997ஆம் ஆண்டு ஜனவரியில் ஒருமனதாகத் தீர்மானித்தது. பேரவையின் பதினாறு வருட வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். மற்ற தீர்மானங்கள் நிறைவேறிய நாட்களில் யாராவது ஒருவர் மூக்கில் ரத்தத்தோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

மணியன் காங்கேயத்துக்காரர். 1962இல் நெசவுத் தொழில் படிக்க இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டுக்குப் போனவர், அங்கே மில் ஆட்கள் நடத்திய நாடகக் குழுவில் சேர்ந்தார், படிப்பை விட்டார், லண்டன் போய்த் தொலைக்காட்சி நடிகர் ஆனார். முதல் ஏழு வருடம் அவருக்குப் பிணமாகவே வேடம் கொடுத்தார்கள். எகிப்தியப் பிணம், பாகிஸ்தானியப் பிணம், ஒருமுறை பெயர் இல்லாத தீவு ஒன்றின் இளவரசருடைய பிணம். 1974இல்தான் உயிரோடு இருக்கிற வேடம் கிடைத்தது. அது ஒரு நகைச்சுவைத் தொடர். மிஸஸ் ப்ளம்லி என்ற வீட்டுக்கார அம்மாள், மாடி அறையில் குடியிருக்கும் இந்தியருக்கு ஒவ்வொரு வாரமும் கடைசிக் காட்சியில் ஓங்கி ஒரு அறை விடுவாள். அவர் மாடிப்படியில் உருண்டு கீழே வந்து சேருவார். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தொடர் பதினோரு வருடம் ஓடியது. அதில் மணியன் பேசிய வசனங்களில் பெரும்பங்கு, “சாரி, மேடம்.”

அறைந்த நடிகை நல்ல மனுஷி. அடிப்பதுபோல நடிக்க மட்டும் அவருக்கு வரவில்லை. அடித்துவிட்டு, படப்பிடிப்பு முடிந்ததும் தானே ஐஸ் கட்டி கொண்டுவந்து ஒற்றிவிடுவார். வலது கைப் பழக்கம் உள்ளவர் ஆகையால் அடி எப்போதும் மணியனின் இடது கன்னத்திலும் காதிலுமே விழுந்தது. தொடர் முடிந்தபோது அந்தக் காதுக்குள் ஒரு விசில் சத்தம் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. செவிப்பறை பல தடவை கிழிந்து ஆறியிருக்கிறது, இன்னும் ஒரு பலமான அடி விழுந்தால் அந்தக் காதை மறந்துவிட வேண்டியதுதான் என்று லண்டன் டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு பெரிய வேலை எதுவும் வரவில்லை. கடைத் திறப்பு விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயும் கடை முதலாளி ஒரு அறை கொடுத்துவிட்டுத்தான் ரிப்பனை வெட்டினார். இதற்கிடையில் டெக்சாஸில் பொதுத் தொலைக்காட்சி அந்தப் பழைய தொடரை வாங்கிச் சனிக்கிழமை மாலைகளில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை, முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் யாரோ ‘மணியன்’ என்று படித்துவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் ஹூஸ்டனின் ஹில்கிராஃப்ட் தெருவில் உள்ள இந்திய மளிகைக் கடைகள் முழுவதும் செய்தி பரவிவிட்டது. அடி வாங்குகிறவர் நம் ஆள்.

பேரவையின் கலைச் செயலாளர் விசாலாக்ஷி அழைப்புக் கடிதம் எழுதினார். சித்திரைத் திருநாள் விழாவில் தாங்கள் முப்பது நிமிடம் தமிழில் நகைச்சுவை வழங்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த வரியை மணியன் நாலைந்து தடவை படித்தார். முப்பத்தைந்து வருடத்தில் அவரைப் பேசச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பேசிச் சிரிக்க வைக்க வேண்டும் என்ற ஆசையால்தான் அவர் இந்தத் தொழிலுக்கே வந்தார். அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத ஆரம்பித்தார். இரண்டு மாதம் ரயிலில் போகும்போதும் வரும்போதும் முணுமுணுத்துப் பழகினார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹூஸ்டனில் வந்து இறங்கினார். பேரவைத் தலைவர் டாக்டர் சேனாபதி மாலையோடு நின்றார். பக்கத்தில், பேரவையைத் தொடங்கியவர் என்பதால் நிறுவனத் தலைவர் என்ற பட்டத்தோடு ஸ்ரீநிவாசன் அதைவிடப் பெரிய மாலையோடு நின்றார். இரண்டு மாலைகளும் ஒரே நேரத்தில் கழுத்தில் விழுந்ததில் மணியனின் மூக்குக் கண்ணாடி உடைந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் பொருளாளர், சும்மா ஜாலிக்கு என்று சொல்லிக்கொண்டே கன்னத்தில் ஒரு அறை விட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். உருண்டு காட்டுங்கள் என்று கேட்டார்கள். இங்கே மாடிப்படி இல்லையே என்று மணியன் பணிவாகச் சொன்னார். அவர்கள் எஸ்கலேட்டரைக் காட்டினார்கள்.

அவரைக் காப்பாற்றி வண்டியில் ஏற்றியவர் நஞ்சுண்டன். கோபிசெட்டிபாளையத்துக்காரர், ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் என்ஜினீயர், பேரவையில் எந்தப் பதவியும் இல்லாதவர். மினிவேன் வைத்திருந்ததால் விருந்தினருக்கு வண்டி ஓட்டும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. ஃப்ரீவேயில் கொஞ்ச தூரம் போன பிறகு மணியன் மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க தம்பி, இங்க எல்லாரும் இப்படித்தான் அடிப்பாங்களா?”

“இல்லீங்க அங்கிள். நார்மலா அவங்களுக்குள்ளதான் அடிச்சுக்குவாங்க.”

அன்று மாலை ஸ்ரீநிவாசன் வீட்டில் வரவேற்பு விருந்து. சாப்பாட்டுக்கு முன்னால் விருந்தினரோடு புகைப்படம் எடுக்கும் நிகழ்ச்சி. விசாலாக்ஷி கையில் பட்டியலோடு வாசலில் நின்று ஒழுங்குபடுத்தினார். வெள்ளிப் புரவலர்கள் கையை ஓங்கியபடி நிற்கலாம். தங்கப் புரவலர்கள் கன்னத்தைத் தொடலாம். வைரப் புரவலர்கள் அறையலாம். படம் சரியாக விழாவிட்டால் இன்னொரு தடவையும் அறையலாம். மூன்றாவது வைரப் புரவலர் கை ஓங்கியபோது நஞ்சுண்டன் குறுக்கே புகுந்து, பெரியவருக்குக் காதில் ஏதோ பிரச்சினையாம், விட்டுவிடுங்கள் என்றார். வைரப் புரவலர் தன் உரிமையில் குறுக்கிட்ட இந்த ஆள் எந்த வகைப் புரவலர் என்று விசாலாக்ஷியிடம் விசாரித்தார். எந்த வகையும் இல்லை என்று பட்டியலைப் பார்த்து அவர் சொன்னதும், புரவலர் மேசையில் இருந்த சாம்பார்க் கரண்டியை எடுத்து நஞ்சுண்டனின் நெற்றியில் போட்டார். புருவம் கிழிந்து மூன்று தையல் விழுந்தது. அந்தப் படம் மட்டும் தெளிவாக வந்திருந்தது.

விழா மேடையிலும் ஒரு அறை உண்டு என்று விருந்தில் கேள்விப்பட்டிருந்த மணியன் மறுநாள் காலை தலைவரைத் தேடிப் போனார். சேனாபதி காது மூக்கு தொண்டை நிபுணர். அவருடைய கிளினிக்கிலேயே மணியனின் காதுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். முகம் மாறிவிட்டது. காகிதம்போல இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

“மணியன் சார், ஒரு டாக்டரா சொல்றேன். இந்தக் காதுல இனிமே ஒரு அடிகூட விழக்கூடாது.”

மணியனுக்கு உயிர் வந்தது. “அப்ப நாளைக்கு மேடையில அந்த அறை வேண்டாமுங்களே?”

“அது டாக்டரா சொன்னது. தலைவரா சொல்லணும்னா, நோட்டீஸ் அச்சாயிடுச்சு.”

வலது கன்னத்திலாவது அடிக்கக் கூடாதா என்று மணியன் கேட்டார். அதைச் செயற்குழுதான் முடிவு செய்ய வேண்டும் என்று சேனாபதி சொன்னார். அன்று மத்தியானமே பொது நூலகத்தின் கூட்ட அறையில் செயற்குழு கூடியது. வலது கன்னத்தில் அறைய வேண்டுமானால் எதிரே நிற்பவர் இடது கையால்தான் அறைய முடியும், விருந்தினரை இடது கையால் அடிப்பது தமிழ்ப் பண்பாடு ஆகாது என்று விசாலாக்ஷி எடுத்துச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

அடுத்து, முதல் அறை யாருடையது என்ற கேள்வி வந்தது. குத்துவிளக்கின் முதல் திரி, முதல் பொன்னாடை, முதல் பந்தியில் முதல் இலை எல்லாமே நிறுவனத் தலைவருக்கு என்று விதி இருக்கும்போது முதல் அறையும் தனக்குத்தான் என்றார் ஸ்ரீநிவாசன். விதியில் பொன்னாடை என்றுதான் இருக்கிறது, அறை என்று இல்லை என்றார் சேனாபதி. விதிப் புத்தகத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டியபோது அது ஒருவர் முகத்தில் பட்டது. பிறகு நாற்காலிகள் பறந்தன. நூலகக்காரப் பெண் கதவைத் திறந்து பார்த்து உடனே மூடிக்கொண்டாள். கூட்டக் குறிப்பேட்டில் விசாலாக்ஷி எழுதியது இது: “உறுப்பினர்களிடையே நடந்த ஆரோக்கியமான கருத்துப் பரிமாற்றத்தின்போது பொருளாளரின் முன்பல் ஒன்று இடம் பெயர்ந்தது. அவருக்குப் பேரவை நன்றி தெரிவிக்கிறது.” கடைசியில் முதல் அறை சேனாபதிக்கு என்றும், இரண்டாவதாக ஸ்ரீநிவாசன் வாணலியால் அடிக்கலாம் என்றும் முடிவாயிற்று. தொடரின் நூறாவது வாரத்தில் மிஸஸ் ப்ளம்லி வாணலியால் அடித்ததை அவர் முன்னுதாரணமாகக் காட்டியிருந்தார்.

முடிவைக் கேட்டுவிட்டு வந்த நஞ்சுண்டன், இப்போதே கிளம்பினால் சாயங்கால விமானத்தைப் பிடித்துவிடலாம், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். மணியன் கட்டில்மேல் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

“முப்பது நிமிஷம் பேசச் சொல்லி எழுதியிருக்காங்க தம்பி. எனக்கு இதுவரைக்கும் யாரும் சேந்தாப்புல மூணு நிமிஷம் குடுத்ததில்லீங்க. ஒரு காது போனாப் போகுது.”

நஞ்சுண்டன் வண்டிக்குப் போனார். தனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பாக, தொழிற்சாலையில் இரைச்சலுக்குக் காதில் வைக்கும் பஞ்சுருண்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். வைத்துக்கொண்டால் ஜனங்கள் சிரிப்பது கேட்காது என்று மணியன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட அரங்கம் ஒன்றில் விழா தொடங்கியது. நானூறு பேர் வந்திருந்தார்கள். கடவுள் வாழ்த்து, இரண்டு நாட்டுத் தேசிய கீதங்கள், குத்துவிளக்கு, வரவேற்புரை, வரவேற்புரை ஆற்றியவருக்குப் பாராட்டுரை. பிறகு பொன்னாடைகள் வந்தன. மணியனுக்குப் பத்தொன்பது பொன்னாடை போர்த்தினார்கள். பதினைந்தாவதில் அவருக்கு மூச்சு முட்டியது. நடுநடுவே விசாலாக்ஷி துண்டுச் சீட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் சீட்டில், முப்பது நிமிடத்தை இருபதாகக் குறைத்துக்கொள்ளவும் என்று இருந்தது. அடுத்ததில் பத்து. சேனாபதி பேச எழுந்தபோது வந்த சீட்டில் மூன்று.

சேனாபதி நாற்பது நிமிடம் பேசினார். பேச்சின் உச்சத்தில் குரலை உயர்த்திச் சொன்னார்: “பெரியோர்களே, தாய்மார்களே, நம் தமிழரைப் பதினோரு ஆண்டுகள் ஒரு வெள்ளைக்காரி அறைந்தாள். நாம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அடிமைக் காலம் இன்றோடு ஒழிந்தது. இனி நம்மவரை நாமே அறைவோம். இதுதான் தன்மானம்.”

அரங்கம் அதிர்ந்தது. அவர் கையைப் பின்னுக்கு இழுத்து, உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்து மணியனை அறைந்தார். விரலில் பெரிய மோதிரம் இருந்தது. மணியன் பத்தொன்பது பொன்னாடைகளோடு சுழன்று குத்துவிளக்கின்மேல் விழுந்து, மேடைப் படிகளில் உருண்டு, முன்வரிசைக்காரர்களின் காலடியில் வந்து கிடந்தார். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கியது. அந்தப் பக்கம் விசில் சத்தம் நின்றுபோயிருந்தது. வேறு எந்தச் சத்தமும் இல்லை.

ஜனங்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்கள். அவர் கையில் ரத்தத்தைத் தொட்டுக் காட்டி, நிஜமாகவே அடி பட்டுவிட்டது என்றார். சிரிப்பு இரட்டிப்பானது. இந்த வயதிலும் என்ன நடிப்பு என்று முன்வரிசை அம்மாள் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நஞ்சுண்டன் ஓடிவந்து தூக்கினார். அதற்குள் ஸ்ரீநிவாசன் வாணலியோடு மேடைக்கு வந்துவிட்டார். நேரமாகிவிட்டது, சாப்பாடு ஆறிவிடும், வாணலி அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சேனாபதி மைக்கிலேயே அறிவித்தார். செயற்குழு முடிவை மீறுவதா என்று ஸ்ரீநிவாசன் கேட்டார். சேனாபதி அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். வாணலி ஒரு சுற்றுச் சுற்றிச் சேனாபதியின் தாடையில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தத்தை மைக் நானூறு பேருக்கும் கொடுத்தது.

அதன்பிறகு இருவருடைய அணிகளும் மேடையேறின. நினைவுக் கேடயங்களால் மண்டைகளில் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் கழுத்தில் பொன்னாடையைச் சுற்றி இன்னொருவர் இறுக்கினார். பொருளாளரின் அடுத்த பல்லும் போயிற்று. மேடை அலங்காரத்துக்குச் சரியாகக் கட்டாமல் வைத்திருந்த வாழைமரம் ஒன்றைப் பிடுங்கி ஸ்ரீநிவாசனின் விலாவில் சாத்தினார்கள். அவர் விழுந்த பிறகும் மிதித்தார்கள். விசாலாக்ஷி நடுவில் புகுந்து அமைதி, அமைதி என்று கத்தியபடியே குறிப்பேட்டால் கையில் கிடைத்தவர்களை அடித்தார். யாரோ அவர் மணிக்கட்டை முறுக்கி உடைத்தார்கள். இவ்வளவுக்கும் அரங்கத்தில் கைதட்டல் ஓயவில்லை. எல்லாம் நிகழ்ச்சியின் பகுதி என்றே நினைத்தார்கள். ஆர்மோனியப் பெட்டி பறந்துவந்து மூன்றாவது வரிசையில் விழுந்து ஒருவரின் முழங்காலை நொறுக்கிய பிறகுதான் எழுந்து ஓடினார்கள்.

போலீஸ் வந்தது. இங்கே யார் பொறுப்பாளர் என்று அதிகாரி கேட்டார். தரையில் கிடந்த நிலையிலேயே சேனாபதியும் ஸ்ரீநிவாசனும் கையைத் தூக்கினார்கள். அதிகாரி எல்லாருடைய பெயரையும் எழுதிக்கொண்டு, உயிருக்கு ஆபத்து யாருக்கும் இல்லை என்று பார்த்து, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்று அனுப்பினார்.

மாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், காத்திருப்போர் நாற்காலிகளில் பேரவையின் செயற்குழு முழுவதும் உட்கார்ந்திருந்தது. அன்று நெடுஞ்சாலையில் பெரிய விபத்து நடந்திருந்ததால் டாக்டர்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். சேனாபதியின் தாடையைத் தலையோடு சேர்த்து ஒரு துணியால் கட்டியிருந்தார்கள். ஸ்ரீநிவாசன் விலாவைப் பிடித்துக்கொண்டு, மூச்சைத் துண்டு துண்டாக விட்டுக்கொண்டிருந்தார். பொருளாளரின் உதடு பிளந்திருந்தது. தோளில் நாற்காலி பட்ட நஞ்சுண்டன் சுவரில் சாய்ந்திருந்தார். மணியன் காதில் ஒரு துண்டை அழுத்திப் பிடித்தபடி கடைசி நாற்காலியில் இருந்தார். யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. யார் முதலில் கேட்பது என்று முடிவாகவில்லை.

விசாலாக்ஷி ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம் விடவில்லை.

“சார், அஜெண்டால உங்க ஸ்பீச் மட்டும்தான் பாக்கி.”

மணியன் எழுந்து, டாக்டர் பார்க்க எவ்வளவு நேரமாகும் என்று நர்ஸிடம் கேட்டார். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது என்று அவள் சொன்னாள். அவர் திரும்பி நடந்துவந்து, எல்லாருக்கும் எதிரே, குளிர்பான இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். நோட்டுப் புத்தகம் அரங்கத்திலேயே தொலைந்துபோயிருந்தது. அது தேவையாகவும் இல்லை.

“மொதமொதல்ல எனக்குப் பொண வேஷம் கெடச்சப்ப அப்பாவுக்கு லெட்டர் போட்டேனுங்க. டெலிவிஷன்ல வேலை கெடச்சிருக்குன்னு. அவரு ஊரெல்லாம் சொல்லிட்டாரு, எம்பையன் டெலிவிஷன் ரிப்பேர் பண்றான்னு. காங்கேயத்துல அப்ப டெலிவிஷனே கெடையாதுங்க. மூணு மாசம் கழிச்சுக் கப்பல்ல ஒரு பார்சல் வந்துச்சு. பிரிச்சா, எங்க பெரியப்பாவோட ரேடியோ.”

பொருளாளர் முதலில் சிரித்தார். உதட்டுக் காயம் விரிந்து ரத்தம் வந்தது. ரேடியோவுக்குப் பிறகு தாசில்தாரின் மேசை விசிறி வந்ததையும், அதற்குப் பிறகு பம்புசெட் மோட்டாரின் பாதி வந்ததையும் மணியன் சொன்னார். நெற்றியில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த மேக்கப்போடு, இடைவேளையில் ஓடி, ரேடியோவை ஒரு கடைக்குத் தூக்கிப் போனாராம். கடைக்காரர் நெற்றியில் இருந்த ஓட்டையையே பார்த்துவிட்டு, உடனே ரிப்பேர் செய்ய உட்கார்ந்துவிட்டாராம். எத்தனை நாளில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று இவர் கேட்டதற்கு, ஐயா நீங்கள் நாளை என்று எதையும் தள்ளிப்போடாதீர்கள் என்றாராம்.

ஸ்ரீநிவாசன் சிரித்துவிட்டு அலறினார். ஒவ்வொரு சிரிப்பும் உடைந்த விலாவைக் கத்திபோல் குத்தியது. சேனாபதியின் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. தாடை கட்டுக்குள் இழுத்து இழுத்து அடித்துக்கொண்டது. விசாலாக்ஷி குலுங்கக் குலுங்க ஒடிந்த எலும்பு ஒன்றோடொன்று உரசி, சிரிப்பும் அழுகையும் ஒரே குரலில் வந்தன. மணியன் நல்ல காதை அவர்கள் பக்கம் திருப்பிக் கேட்டார். இருபது வருடத்துக்கும் மேலாக அடி வாங்கியவருக்கு, அடி எந்த இடத்தில் விழுந்தால் வலிக்கும் என்பது தெரிந்திருந்தது. அவர்கள் மூச்சு வாங்கும்வரை பொறுமையாக நிற்பார். வலி அடங்குகிற நேரத்தில் அடுத்த வாக்கியத்தைச் சொல்வார். இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர் ஒருவர், இந்தியர் எப்படி இங்கிலீஷ் பேச வேண்டும் என்று தனக்கு ஆறு வாரம் சொல்லிக்கொடுத்ததை அவர் நடித்துக் காட்டியபோது பொருளாளர் நாற்காலியிலிருந்து சரிந்து தரைக்கு வந்துவிட்டார். நஞ்சுண்டன் தோளைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே, போதுமுங்க அங்கிள் என்று கும்பிட்டார்.

“உங்களுக்குப் போதுமுன்னா வெளியில போய் நில்லுங்க தம்பி. இவங்களுக்கு இன்னும் முடியல.”

நஞ்சுண்டன் வெளியே போய்க் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். உள்ளே, தான் ஆறு வருடமாகச் சந்தா கட்டி வரும் பேரவை, நாற்காலிகளில் மடங்கி மடங்கித் துடித்துக்கொண்டிருந்தது. அதன் நடுவே, கழுத்தெல்லாம் ரத்தம் காய்ந்த ஒரு மனிதர் முகம் முழுக்க நிம்மதியோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்.

அவசரப் பிரிவின் கதவு திறந்து நர்ஸ் வந்ததும் ஸ்ரீநிவாசன் அவளை நோக்கிக் கை நீட்டினார். எந்த இடத்திலும் தனக்கு முன்னால் யாரையும் போகவிடாதவர், அந்த மனிதரை முதலில் உள்ளே கூட்டிப்போய்விடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று மூச்சுக்கு நடுவே கெஞ்சினார். சேனாபதியும் கட்டோடு தலையை வேகமாக ஆட்டி வழிமொழிந்தார். நர்ஸ் சீட்டைப் பார்த்தாள். காதுக் காயம் அவசரம் இல்லை, அவர் முறை கடைசியில்தான் என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

மணியன் அவளுக்கு நன்றி சொன்னார். இயந்திரத்தில் காசு போட்டு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக் குடித்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“அடுத்தது எங் கல்யாணமுங்க.”

ஸ்ரீநிவாசன் இரண்டு கைகளாலும் விலாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.